அம்புக்குறியும் ஓர் ஆய்வுக் கூற்றே: சுவடிக் கொடிவழிப் படங்களை முன்வைத்து ஒரு மறுப்புரை

தமிழாய்வு நூல்களிலும் ஆய்விதழ்களிலும் விளக்கப்படங்கள் பெருகி வருகின்றன. சுவடிகளின் உறவைக் காட்டும் கொடிவழிப் படம், தொடரமைப்பைக் காட்டும் மரப்படம், திணை, துறைப் பாகுபாட்டைக் காட்டும் கிளைப்படம் என அவை பலவாகும். ஒரு சொல்லின் பொருளுக்கு உரைச் சான்று காட்டியும் ஓர் உருபின் பயன்பாட்டுக்கு நூற்பா காட்டியும் எழுதும் ஆய்வாளர், படத்துக்கு வந்தவுடன் அந்நெறியைக் கைவிட்டுவிடுகிறார். கட்டம் எதற்கு, வட்டம் எதற்கு, அம்பு எதனைக் குறிக்கிறது என்னும் வினாக்களுக்கு அப்படங்களில் விடை கிடைப்பதில்லை. படம் பார்வைக்கு, கருத்து கட்டுரையில் உள்ளது என்று இதற்கு அமைதி கூறுவோரும் உளர். அவ்வமைதியை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். படத்தில் இடப்படும் கணுவின் வடிவமும் கணுக்களை இணைக்கும் அம்பும் ஆய்வாளர் செய்யும் கூற்றுகள். அக்கூற்றுகளைப் பெயரிட்டு வரையறுத்துச் சொல்லும் வசதி லேட்டெக் என்னும் அச்சுக்கோப்பு முறையில் உள்ளது. அதனைக் கணிதத் துறையினரின் உடைமை என்று ஒதுக்கி வைப்பதால் இழப்பு தமிழாய்வுக்கே.

ஓர் அம்பு, நான்கு பொருள்

நம் ஆய்வேடுகளில் அடிக்கடி காணப்படும் ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். மேலே ‘மூல ஏடு’ என்று ஒரு கட்டம்; அதன் கீழ் இரண்டு அல்லது மூன்று ஓலைச்சுவடிகள்; அவற்றின் கீழ் ஒரு தாள்சுவடி; அடியில் ஓர் அச்சுப் பதிப்பு. எல்லாம் ஒரே அளவுக் கட்டங்கள். எல்லாவற்றையும் இணைப்பது ஒரே வகை அம்பு. இவ்வம்பு சொல்வது யாது?

அது நான்கு பொருள்களில் ஒன்றாக இருக்கலாம். இந்த ஏட்டை நேரே பார்த்து அந்த ஏடு படியெடுக்கப்பட்டது என்பது ஒன்று. இடையில் அழிந்துபோன ஏடுகளின் வழியாக இதிலிருந்து அது வந்தது என்பது மற்றொன்று. வேறோர் ஏட்டைப் பார்த்து எழுதியவர், ஐயம் நேர்ந்த இடங்களில் இதனையும் பார்த்துப் பாடத்தைக் கலந்தார் என்பது மூன்றாவது. பதிப்பாசிரியர் தம் பதிப்புக்கு இதனை ஒப்புநோக்கினார் என்பது நான்காவது. இந்நான்கிற்கும் சான்று வேறு. சான்றின் வலிமையும் வேறு. முதலாவதற்குப் படியெடுத்தவர் ஏட்டின் இறுதியில் எழுதிய குறிப்போ, மூல ஏட்டின் முறிவு படியில் விடுபாடாக நிற்பதோ சான்றாகும். இரண்டாவது, பொதுப்பிழைகளிலிருந்து உய்த்துணரப்படுவது. மூன்றாவதை நிறுவுவது அரிது. நான்காவதைப் பதிப்பாசிரியரே முன்னுரையில் சொல்லியிருப்பார். உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணி (1887), புறநானூறு (1894) முதலிய பதிப்புகளின் முன்னுரைகளில் ஏடு உதவியோரைக் குறிப்பிட்டுச் சென்றுள்ளமை யாவரும் அறிந்ததே. அக்குறிப்பு நான்காம் வகை உறவுக்கு மட்டுமே சான்று. அதனை வைத்துக்கொண்டு முதல் வகை அம்பை வரைவது, இல்லாத சான்றை உண்டென்று சொல்வதாகும். கட்டுரையில் எழுதத் துணியாத ஒன்றைப் படத்தில் எழுதிவிடுகிறோம் என்பதே இதன் பொருள்.

கணுவின் நிலையும் இத்தகையதே. வி. எஸ். சுக்தங்கர் புணே பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்தின் மகாபாரத ஆதிபருவப் பதிப்புக்கு 1933இல் எழுதிய முகவுரையில் ஒரு கொடிவழிப் படம் தந்துள்ளார். அப்படத்தின் கணுக்கள் தனித்தனி ஏடுகளைக் குறிப்பன அல்ல. சாரதை, வங்கம், தெலுங்கு, கிரந்தம், மலையாளம் என எழுத்துவகையால் பகுக்கப்பட்ட பாட மரபுகளைக் குறிப்பன. ஏடுகளிடையே கலப்பு மிகுந்திருந்தமையால் தனி ஏடுகளின் கொடிவழியை நிறுவுவதிலுள்ள இடர்ப்பாட்டை அவர் விரிவாகப் பேசியுள்ளார். கிடைக்காத இடைநிலைப் பாடங்களைக் கிரேக்க எழுத்துகளால் சுட்டியதும் கருதத்தக்கது. கையில் உள்ள ஏடு, பல ஏடுகள் அடங்கிய மரபு, ஊகித்துக்கொண்ட மூதாதை ஆகிய மூன்றும் மூன்று வகைப் பொருள்கள். இவற்றை ஒரே கட்டத்தில் அடைத்தால், படம் பார்ப்பவர் ஊகத்தையும் ஏட்டையும் ஒன்றாகவே எண்ணுவார். அவ்வாறு எண்ணியதற்கு அவரைக் குறைகூற இயலாது.

கருவியால் நேரும் பிழை

ஐரோப்பியப் பாடவியலில் 1827இல் ஷ்லீட்டர் சுவீடன் நாட்டுச் சட்டநூல் ஒன்றின் பதிப்பில் கொடிவழிப் படம் வரைந்தது முதல் அம்மரபு தொடர்கிறது. 1928இல் பிரெஞ்சு அறிஞர் ஜோசப் பெதியே ஓர் ஐயத்தை எழுப்பினார்: பதிப்பாசிரியர்கள் வரைந்த கொடிவழிகளில் மிகப் பெரும்பாலானவை மேலே இரண்டே கிளைகளாகப் பிரிவது ஏன்? ஏடுகளின் வரலாறு அவ்வாறு அமைந்ததா, வரைந்தவரின் மனம் அவ்வாறு அமைந்ததா என்பதே அவ்வினாவின் உட்பொருள். அதற்கான விடை இன்றும் ஒருமுகமாக இல்லை. எனினும் நமக்கு ஒரு பாடம் அதில் உண்டு. படத்தின் வடிவம் ஆய்வாளரின் முடிவைத் தன்பால் இழுத்துக்கொள்ளும்.

இன்று அவ்விழுப்பைக் கருவிகள் மிகுதிப்படுத்துகின்றன. வேர்டு மென்பொருளில் ஆயத்தமாக உள்ள படிநிலைப் படத்தில் ஒரு கட்டத்துக்கு ஒரு பெற்றோரே உண்டு. அலுவலகத்தில் மேலதிகாரியைக் காட்ட உருவான அச்சட்டகத்தில், இரண்டு ஏடுகளைப் பார்த்து எழுதப்பட்ட ஒரு சுவடிக்கு இடமில்லை. இடமில்லாததால் ஆய்வாளர் கலப்பை விட்டுவிடுகிறார். விட்டதைக் கட்டுரையில் சொல்வதும் இல்லை. லேட்டெக்கிலும் இக்குறை இல்லாமலில்லை என்பதை மறைக்க வேண்டுவதில்லை. அதிலுள்ள மரப்பட வாய்பாட்டில் ‘மகவு’ என்று அறிவிக்கப்படும் கணுவும் ஒரே பெற்றோர்க்கு உரியதே. தொடரமைப்பு மரப்படத்துக்கு அது பொருந்தும், சுவடிக்குப் பொருந்தாது. ஆகவே கொடிவழிப் படத்தை மரமாக எழுதாமல், கணுக்களை முதலில் தனித்தனியே அறிவித்து, உறவுகளைப் பின்னர் ஒவ்வொன்றாக எழுதுவதே முறை. அவ்வாறு எழுதும்போது ஒரு கணுவுக்கு மூன்று அம்புகள் வந்து சேர்வதற்கும் தடையில்லை. ஒவ்வோர் அம்பையும் தனி வரியாக எழுத வேண்டியிருப்பதால், ‘இதற்குச் சான்று யாது’ என்று ஒருமுறை நின்று எண்ணவும் நேர்கிறது.

ஏட்டு வடிவக் கணு

டெக் என்னும் அச்சுக்கோப்பு முறையை டொனால்ட் குனூத் 1970களின் இறுதியில் தொடங்கினார். அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980களில் அமைத்தது லேட்டெக். அதில் படம் வரையப் பயன்படும் டிக்ஸ் என்னும் தொகுப்பு டில் டாண்டாவ் என்னும் செருமானிய அறிஞர் தம் முனைவர்ப் பட்ட ஆய்வேட்டின் படங்களுக்காக எழுதிய சிறு நிரலிலிருந்து வளர்ந்தது. ஓர் ஆய்வேட்டின் தேவையில் பிறந்த கருவியை ஆய்வேடு எழுதுவோர்க்கு அந்நியம் என்பது வேடிக்கையே. ‘டிக்ஸ் வரையும் மென்பொருள் அன்று’ என்பதே அப்பெயரின் செருமானிய விரிவு. சுட்டியை இழுத்துக் கோடு போடும் வேலைக்கு அது உரியதன்று. எது எதனோடு எவ்வாறு உறவுடையது என்பதை எழுத்தால் அறிவிப்பதற்கு உரியது.

அதில் கணு என்பது பெயர் பெற்ற ஒரு பொருள். செவ்வகமும் வட்டமும் இயல்பாகவே உள்ளன. நீள்வட்டம், சாய்சதுரம், சரிவகம், உருளை முதலியன வடிவ நூலகங்களிலிருந்து பெறப்படுவன. இவற்றுள் ஓலைச்சுவடிக்குப் பொருந்துவது ஒன்றுமில்லை. ஓலை நீண்டது, முனைகள் சற்றே வளைந்தவை, கயிறு கோக்கவும் நாராசம் செருகவும் துளைகள் உடையது. இத்தகைய வடிவத்தை நாமே அறிவித்துக்கொள்ளலாம் என்பதே இங்கு முதன்மையாகக் கூறப்படும் செய்தி. வடிவ அறிவிப்புக் கட்டளை நான்கு செய்திகளைக் கேட்கிறது: கணுவினுள் எழுதப்படும் பெயரின் அகலம், உயரம், இறக்கம் ஆகியவற்றிலிருந்து ஓலையின் அளவைக் கணக்கிடும் முறை, நடு, மேல், கீழ், இடம், வலம் முதலிய நங்கூரப் புள்ளிகள், எத்திசையிலிருந்து கோடு வந்தாலும் அது விளிம்பைத் தொடும் புள்ளியைக் காணும் கணக்கு, ஓலையின் புறவரியும் துளைகளும் அமையும் பாதை. செவ்வகத்துக்குரிய புள்ளிகளை அப்படியே வழிமுறையாகப் பெற்றுக்கொள்ளவும் இடமுண்டு. அவ்வாறு பெற்றால் எழுத வேண்டுவது புறவரி ஒன்றே.

மூன்றாவதாகச் சொல்லப்பட்ட விளிம்புக் கணக்கிலேயே பலர் வழுக்குகின்றனர். ஓலையின் நிழற்படம் ஒன்றைச் செவ்வகக் கணுவினுள் ஒட்டிவிட்டு, வடிவம் கிடைத்துவிட்டது என்று அமைகின்றனர். கண்ணுக்குத் தெரிவது ஓலை; கருவி அறிந்திருப்பது அதனைச் சுற்றியுள்ள, கண்ணுக்குத் தெரியாத செவ்வகம். அம்பு அச்செவ்வகத்தில் வந்து நின்றுவிடும். ஓலைக்கும் அம்புக்கும் இடையே வெற்றிடம் விழும். செவ்வகத்தின் கணக்கைக் கடன் வாங்கிக்கொண்டு, புறவரியின் முனைகளை வெளியே வளைத்து வரைந்தாலோ, பக்கத்திலிருந்து வரும் அம்பு ஓலையைத் துளைத்துக்கொண்டு உள்ளே செல்லும். ஓலையின் வளைவுக்கு உரிய கணக்கை நாமே எழுதினால்தான் அம்பு விளிம்பில் சரியாக வந்து பொருந்தும். நடுப்புள்ளியிலிருந்து குறித்த திசையில் செல்லும் கோடு புறவரியை எங்கே கடக்கிறது என்பதே அக்கணக்கு. முனைகளை அரைவட்டமாகக் கொண்டால் பள்ளிக் கணிதம் அதற்குப் போதும். கோட்டின் தடிப்பில் பாதியையும் அதனோடு கூட்ட வேண்டும். இல்லையேல் அம்புமுனை ஓலையின் கரையில் புதைந்து தோன்றும்.

ஒருமுறை அறிவித்த வடிவத்தை எத்தனை கணுக்களுக்கும் பெயர் சொல்லி அழைக்கலாம். ஓலைச்சுவடிக்கு ஏட்டு வடிவம், தாள்சுவடிக்குச் செவ்வகம், அச்சுப் பதிப்புக்கு இரட்டைக் கோட்டுச் செவ்வகம், ஊகித்த மூதாதைக்கு முறிகோட்டு வட்டம் எனக் கொள்ளலாம். அம்புகளுக்கும் இவ்வாறே ‘படி’, ‘வழி’, ‘கலப்பு’, ‘ஒப்புநோக்கு’ என்று நான்கு பாணிகளை அறிவிக்கலாம். ஒருங்குறியை ஏற்கும் சீடெக்கில் இப்பெயர்களைத் தமிழிலேயே இடலாம். 2013இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு முதல் அம்புமுனையின் நீளம், அகலம், உள்வெற்று நிலை ஆகியவற்றைத் தனித்தனியே குறிக்கும் வசதி டிக்ஸில் விரிவாக அமைந்துள்ளது. நேர்ப்படிக்கு நிரம்பிய முனையும் முழுக்கோடும், கலப்புக்கு வெற்று முனையும் புள்ளிக்கோடும் கொள்வது என் பரிந்துரை. வேறு கொள்வோர் கொள்க. கொண்டதைப் படத்தின் அடியில் எழுதுவது மட்டும் தவிர்க்கவியலாதது.

கலப்பு அம்புகள் பிற கோடுகளை வெட்டிச் செல்லும். இவ்விடத்தில் நம் சித்திரகவி மரபை நினைவுகூர்தல் தகும். தண்டியலங்காரம் சொல்லும் நாகபந்தத்தில் இரண்டு பாம்புகள் பிணைந்து கிடக்க, அவற்றின் உடலில் இரண்டு வெண்பாக்கள் எழுதப்படும். உடல்கள் சந்திக்கும் இடத்து எழுத்து இரு பாட்டுக்கும் பொது. அங்குச் சந்தி பொருளுடையது. அதனை ஓரெழுத்து இடம் மாற்றினாலும் பாட்டு சிதையும். கொடிவழிப் படத்தில் இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்வது இடநெருக்கடியால் நேர்வது, அதற்குப் பொருளில்லை. பொருளுடைய சந்தியைப் பெயர்பெற்ற கணுவாக அறிவித்து இரு பாதைகளையும் அதன் வழியே செலுத்த வேண்டும். பொருளில்லாத வெட்டில், மேற்செல்லும் கோட்டுக்கு இருமருங்கும் வெண்ணிற விளிம்பு கொடுத்துப் பாலம்போல் கடக்கச் செய்ய வேண்டும். படம் வெறும் அணி என்போர், அணியிலக்கணமே படத்தின் புள்ளிகளை எவ்வளவு கண்டிப்புடன் வகுத்தது என்பதை எண்ணிப் பார்க்கட்டும்.

தமிழ் எழுத்தும் கணுவின் உயரமும்

தமிழ் லேட்டெக்கில் வராது என்னும் கூற்று ஒருகாலத்தில் பெரும்பாலும் உண்மையாக இருந்தது. 2004இல் ஜோனதன் கியூ வெளியிட்ட சீடெக், கணினியில் உள்ள ஒருங்குறி எழுத்துருக்களை நேரே ஏற்றது முதல் அது உண்மையன்று. லுவாடெக்கிலும் எழுத்துக்கோவையைச் சரிவர அமைக்கும் ஹார்ஃப்பஸ் பொறி இணைந்த வடிவம் 2020ஆம் ஆண்டின் டெக் லைவ் தொகுப்பு முதல் கிடைக்கிறது. இருபது ஆண்டுக்கு முந்தைய தடையை இன்றும் சொல்லிக்கொண்டிருப்பது வசதியான சாக்கு என்றே கொள்ள வேண்டியுள்ளது.

உண்மையான இடர் வேறொன்று. அதனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கணுவின் உயரம் அதனுள் உள்ள எழுத்தின் உயரத்தால் அமைவது. ‘பட’ என்பதில் மேலேறும் கொம்பும் இல்லை, கீழிறங்கும் சுழியும் இல்லை. ‘கி’ மேலெழும், ‘கு’, ‘மூ’, ‘ழு’ கீழிறங்கும். ஆகவே ஒரே வரிசையில் வைத்த நான்கு ஏட்டுக் கணுக்கள் நான்கு உயரத்தில் நிற்கும்; அவற்றுள் எழுதிய பெயர்களும் ஏறியிறங்கித் தோன்றும். இதனைக் கண்டு, தமிழுக்கு இக்கருவி பொருந்தாது என்று திரும்பியவர்களை இக்கட்டுரையாளர் அறிவார். தீர்வு ஒருவரிச் செய்தி: எழுத்தின் உயரத்தையும் இறக்கத்தையும் எல்லாக் கணுக்களுக்கும் ஒரே அளவாக, எழுத்துருவின் மிக உயர்ந்த எழுத்தும் மிகத் தாழ்ந்த எழுத்தும் அடங்கும்படி, முன்கூட்டியே குறித்துவிட வேண்டும். ஊர்ப்பெயரும் ஏடு தந்தவர் பெயரும் சேர்ந்து நீளும் இடங்களில் எழுத்தின் அகலத்தை வரையறுத்தால் பெயர் இரண்டு வரியாக மடியும். ஆங்கில எடுத்துக்காட்டுகளில் இவை பெரிதாகப் பேசப்படாமைக்குக் காரணம், அங்கு எழுத்தின் ஏற்றத்தாழ்வு இவ்வளவு இல்லாமையே. தமிழில் எழுதுவோர் தமிழில் கையேடு செய்தால்தான் இது தீரும். டிக்ஸின் ஆங்கிலக் கையேடு ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டது. நமக்குத் தேவையானது அதில் நாற்பது பக்கம் இருக்கலாம்.

எதிர்வாதங்கள் சில

சுட்டியால் வரையும் மென்பொருள்களிலும் இணைப்புக்கோடு வடிவத்தைப் பற்றிக்கொள்ளும் வசதி உண்டே என்பர். உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அங்கு ஒரு கோடு புள்ளிக்கோடாக இருப்பது நிறம், தடிப்பு போன்ற தோற்றக் குறிப்பாக மட்டுமே கோப்பில் தங்கும். அது ‘கலப்பு’ என்னும் உறவு என்பது எங்கும் எழுதப்படுவதில்லை. நான்கு ஆண்டு கழித்துக் கோப்பைத் திறக்கும் மாணவர்க்குக் கோடு தெரியும், உறவு தெரியாது. பழைய எழுத்துரு முறைகளில் வரைந்து வைத்த படங்களுக்கு நேர்ந்த கதி இன்னும் கொடியது. அவ்வெழுத்துரு கணினியில் இல்லாதபோது கட்டங்களுக்குள் நிற்பவை பொருளற்ற உரோமன் எழுத்துகளே.

கருவியே இடத்தைத் தேர்ந்து கணுக்களை அடுக்கித் தரும் தானியங்கி முறைகளைச் சிலர் புகழ்வர். கொடிவழிப் படத்தில் அதுவும் ஆகாது. மேலிருந்து கீழ்வரும் அச்சு காலத்தைக் குறிக்குமாயின், ஒரு கணு நிற்கும் உயரமும் கூற்றாகிவிடுகிறது. அதனைப் பொறியிடம் விடலாகாது.

கற்பதற்குக் காலம் இல்லை என்பது அடுத்தது. வடமொழி வேர்ச்சொல்லையும் கல்வெட்டு எழுத்தையும் கற்பதற்குக் காலம் ஒதுக்கிய துறை இது. தமிழகத்துக்கு வெளியே பிற இந்திய மொழிகளோடு ஒரே கூரையின்கீழ் இயங்கும் தமிழ்ப் பிரிவுகளுக்கு இதில் ஒரு தனி ஆதாயமும் உண்டு. தமிழ் படிக்கத் தெரியாத வங்க, மராத்திய ஆய்வாளரும், குறிவிளக்கம் தெளிவாக இருந்தால், நம் கொடிவழிப் படத்தின் அம்புகளைப் படித்து வினா எழுப்ப முடியும். சுக்தங்கரின் படத்தை நாம் படிப்பது அவ்வாறுதானே?

எல்லாவற்றினும் பெரிய இழப்பு, திருத்தம் நிகழாமற் போவதே. கொடிவழி ஒரு கருதுகோள். பிரெஞ்சு தூரக்கிழக்கு ஆய்வுப் பள்ளியின் வழி ஈவா வில்டன் நற்றிணைக்கு 2008இலும் குறுந்தொகைக்கு 2010இலும் வெளியிட்ட செம்பதிப்புகள் சுவடிப் பாடவேறுபாடுகளை விரிவாகத் தொகுத்துத் தந்துள்ளன. அத்தகைய தரவைக் கொண்டு ஒரு கொடிவழியை முன்மொழிபவர், நாளை ஒரு புதிய ஏடு கிடைத்தால் அதனை மாற்ற வேண்டியவராவார். படம் உறைந்த நிழற்படமாக இருந்தால் முழுவதையும் மீண்டும் வரைய வேண்டும். எனவே யாரும் வரைவதில்லை. பழைய படம் நூலுக்கு நூல் ஒட்டப்பட்டு, கருதுகோள் உண்மையாகிவிடுகிறது. பெயரால் இணைக்கப்பட்ட படத்தில் புதிய ஏட்டுக்கு ஒரு வரி, அதன் உறவுகளுக்கு இரண்டோ மூன்றோ வரி. ஒரு கணுவை நகர்த்தினால் அதனைப் பற்றிய அம்புகள் தாமே தொடர்ந்து செல்லும். எவ்வரி மாறியது என்பதையும் இரு கோப்புகளை ஒப்பிட்டுக் கண்டுகொள்ளலாம். பாடவேறுபாடு காண்பதையே தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்வசதியின் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

ஆய்விதழ்கள் லேட்டெக் கோப்பை ஏற்பதில்லை என்பது நியாயமான குறை. ஓர் ஆய்விதழுக்கு இக்கட்டுரையாளர் அனுப்பிய படத்தில் முறிகோட்டு வட்டங்கள் அனைத்தும் அச்சில் முழுவட்டங்களாயின. ஊகித்த மூதாதைகள் மூவரும் கிடைத்த ஏடுகளாக உருமாறினர். அச்சகத்தில் படத்தை மீண்டும் வரைந்தவர் மேல் தவறில்லை. வட்டம் எதற்கு முறிந்திருக்கிறது என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. கட்டுரை முழுவதையும் லேட்டெக்கில் எழுதுமாறு எவரையும் வற்புறுத்த வேண்டுவதில்லை. படத்தை மட்டும் தனி ஆவணமாக அமைத்து, அளவு மாற்றினாலும் கோடு சிதையாத பி.டி.எஃப். கோப்பாக்கி, வேர்டில் எழுதிய கட்டுரையோடு அனுப்பலாம். இதழாசிரியர் குழுவினர் செய்ய வேண்டுவன இரண்டு. வடிவங்களுக்கும் அம்புகளுக்கும் குறிவிளக்கம் இல்லாத படத்தை, மேற்கோள் விளக்கம் இல்லாத கட்டுரையைத் திருப்பி அனுப்புவதுபோலத் திருப்பி அனுப்ப வேண்டும். படத்தின் மூலக்கோப்பையும் கட்டுரையோடு கேட்டுப் பெற்று, இதழின் இணையக் காப்பகத்தில் சேர்த்துவைக்க வேண்டும். அக்கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு. இருபது ஏடுகள் கொண்ட படத்துக்கும் அது சில கிலோபைட்டைத் தாண்டாது.